நான் வந்த பக்கம்

அந்த விபத்துக்கு இரண்டே சாட்சிகள். ஒருவர் எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தவர், மற்றவர் நான். இருவரில் ஒருவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று ஊரெல்லாம் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் நான்தான், அதை ஊருக்குள் பரப்பியவனும் பெரும்பாலும் நான்தான்.

ராகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அரச ஊழியர்கள் எல்லோரும் இரண்டாம் மொழியில் தேற வேண்டும் என்ற விதி வந்தபோது, எங்கள் பாடசாலையில் முதல் தடவையிலேயே தேறியவன் நான் ஒருவன்தான். அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து சிங்களத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் அதிபர் என்னிடம்தான் நீட்டுவார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்ப்பேன். பிறகு, "நம்மளுக்குச் சாதகமா ஒண்ணும் இல்ல சேர்" என்பேன். அது ஒருநாளும் பிழைத்ததில்லை. ஆகவே என் சிங்களப் புலமையைச் சந்தேகிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை, எனக்கும்தான்.

அன்று காலை பரீட்சைத் தாள்கள் எடுக்க என் மோட்டார் சைக்கிளில் நகரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். மழை விட்டும் விடாமலும் இருந்தது. மதகு இருக்கும் வளைவில் பனி மூட்டம் ரோட்டை மூடியிருந்தது. ஒரு வெளிச்சம் தெரிந்தது, பிறகு சத்தம். பிறகு நான் மண்மேட்டுப் பக்கத்து வடிகானுக்குள் மல்லாந்து கிடந்து, என் வலது கால் ஏன் அந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சேர், உசிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம். ஓரமாக, ஒழுங்காக வந்த ஒரு ஆசிரியனை இப்படி வந்து மோதிவிட்டு, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிறானே என்ற கோபம்.

அவர் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுபவர் என்பது ஆம்புலன்ஸில்தான் தெரிந்தது. அவருக்குத் தோள் எலும்பு முறிவு. எனக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து உள்ளே ஒரு கம்பியை வைத்தார்கள்.

மூன்றாம் நாள் வாக்குமூலம் எடுக்கப் பொலிஸிலிருந்து ஒருவர் வார்ட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவில் இருக்கிறார், இரண்டு நாளில் வந்துவிடுவார், வேண்டுமானால் அதுவரை பொறுக்கலாம் என்று சொன்னார். பிறகு பேச்சுக்கு, "சேர்ட்ட சிங்கள புளுவந்த?" என்று கேட்டார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "புளுவன்", முடியும் என்றேன். கேட்ட கேள்விக்கு அது போதும். நான் நிறுத்தவில்லை. பரீட்சையில் தேறிய கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் புத்தகத்தை விரித்தார். ஊர், தொழில், நேரம் எல்லாம் சரளமாகப் போனது. "கொயி பெத்தெந்த ஆவே?" என்றார். எந்தப் பக்கமாக வந்தீர்கள் என்று கேட்கிறார். இதற்குத்தான் காத்திருந்தேன். சிங்களத்தில் வம, தகுண என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று இடது, ஒன்று வலது. பரீட்சைக்குப் படித்த காலத்தில் இதை மறக்காமலிருக்க நானாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். வலமும் வமவும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஆகவே வம என்றால் வலது, மிச்சமிருப்பது இடது. கணித ஆசிரியன் போட்ட சூத்திரம் பிழைக்குமா? இடது பக்கமாக ஒழுங்காக வந்தவன் நான், வலது பக்கமாகப் பிழையாக வந்தவர் அவர். அதைத்தான் சொன்னேன்.

"மம தகுணு பெத்தென். எயா வம் பெத்தென்."

பொலிஸ்காரர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஷுவர்த, சேர்?" என்றார். எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு இன்னொரு தடவையும் கேட்டார். என்னுடைய சிங்களத்தைச் சந்தேகிக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. "ஹண்ட்ரட் பர்சன்ட்" என்றேன். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். போகும்போது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் உச்சரிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நாலாம் நாள் லொறிக்காரர் வந்தார். கழுத்தில் தொங்கிய துணியில் ஒரு கை, மற்றக் கையில் தோடம்பழப் பை. வாசலில் நின்று, "சேர், உள்ள வரலாங்களா?" என்று கேட்டார். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வருபவர்களிடம் உடனே இளகிவிடக் கூடாது என்பது வகுப்பறையில் கற்றது.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "பெரிய மனசு சேர் ஒங்களுக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஸ்டேஷன்ல கூப்புட்டுச் சொன்னாங்க. சேர் தாந்தான் ரோங் சைட்ல வந்ததா எழுதிக் குடுத்துட்டாராம், ஒம்மேல கேஸ் இல்ல, நீ போன்னு. உள்ளத உள்ளபடி சொல்லிட்டீங்க சேர். யாரு சொல்லுவா இந்தக் காலத்துல?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது ஆசிரியர்கள் செய்வதைத்தான் செய்தேன். மெல்லத் தலையை ஆட்டினேன்.

அவர் போன பிறகு மனைவி என் கட்டிலருகே வந்து நின்றாள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். காலையில் தாய்மார் மலைக்கு ஏறும்போது விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கொத்மலைப் பக்கம் சிங்களக் கிராமத்தோடு ஒட்டிய தோட்டத்தில் பிறந்தவள். அவள் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

"என்னங்க, போலீஸ்காரர்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன்.

"வமன்னா எதுங்க?"

"வலது."

அவள் என்னையே பார்த்தாள். முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். கட்டில் ஆடியது, என் கால் வலித்தது, அவள் நிறுத்தவில்லை. "வமன்னா எடதுங்க. எத்தன வருஷமா த்ரீவீல்ல போறீங்க, டவுன்ல எப்பிடித்தான் வழி சொன்னீங்க?"

யோசித்துப் பார்த்தேன். கையைக் காட்டியிருக்கிறேன். இத்தனை வருடமும் வாயால் ஒன்றைச் சொல்லி, கையால் வேறொன்றைக் காட்டியிருக்கிறேன். ஓட்டுநர்கள் கையை நம்பியிருக்கிறார்கள். வார்ட்டில் அன்று ஒரு கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது, மற்றக் கை சிராய்ப்புக்குக் கட்டுப்போட்டுப் படுக்கையில் கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் சிங்களம் கையின் உதவியில்லாமல் தனியாகப் போயிருக்கிறது.

"இப்பவே ஸ்டேஷனுக்கு போன் போடுறேன்" என்று கத்தினேன்.

"போடுங்க. போட்டு என்னன்னு சொல்லுவீங்க? எடது வலது தெரியாமச் சொல்லிட்டேன்னா?"

போனைக் கையில் எடுத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று தலையணைக்கடியில் வைத்தேன்.

நாளைக்கு என்பது ஞாயிற்றுக்கிழமை வரை போனது. அன்று கோயிலில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் என்னைப் பற்றிப் பேசினார். பேர் சொல்லவில்லையாம், ஆனால் காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கும் ஆசிரியர் எங்கள் பங்கில் வேறு யாரும் இல்லை. பிறர் செய்த குற்றத்தைத் தன் தோளில் சுமந்தவர் என்றாராம். தோள் முறிந்தது மற்றவருக்கு என்பது சாமியாருக்குத் தெரிந்திருக்காது. மனைவி இதை முகத்தில் ஒரு சலனமுமில்லாமல் ஒப்பித்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அங்கிருந்து பாத்திரங்களின் சத்தத்துக்கிடையே வேறொரு சத்தமும் கேட்டது.

அதற்குப் பிறகு வரிசையாக ஆட்கள். கீழே பணிய லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்தார்கள், மேட்டு லயத்திலிருந்து வந்தார்கள். அதிபர் வந்தார். தொழிற்சங்கத் தலைவர் வந்து, "ஒரு ஏழைத் தொழிலாளிய காப்பாத்திட்டீங்க" என்று என் கையைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார். கூடவே எலும்பு முறிவுக்கு எந்தச் சிங்கள வைத்தியரிடம் போக வேண்டும், எந்த எண்ணெயைத் தடவ வேண்டும் என்று ஆளுக்கொரு ஆலோசனை. விசுக்கோத்துப் பெட்டிகள் அலுமாரிக்கு மேலே கூரை வரை எழும்பின.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இருபத்தேழு வருடம் பின்னங்கள் படிப்பித்து வராத பெயர் ஒரு சொல் மாறியதில் வந்திருந்தது. யாராவது புகழ்ந்தால், "அதுல என்னங்க இருக்கு" என்று கூரையைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். திருத்திச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வரும். உடனே, சொன்னால் அந்த மனிதனின் பிழைப்பு போய்விடுமே என்ற கருணையும் வரும். கருணை வருவது வசதியாகவே இருந்தது.

பிழைப்பு போகும் என்பது பொய்யில்லை. பதினைந்து வருடம் லொறி கிளீனராக இருந்து ஸ்டியரிங் பிடித்தவர் அவர். வழக்கில் குற்றவாளியாகி லைசன் தடைப்பட்டால் தோட்டம் வேறு டிரைவரைப் போடும். டிரைவருக்கென்று பெக்டரிக்குக் கீழே கொடுத்திருந்த இரண்டு அறை வீடும் போகும். மனைவி, மூன்று பிள்ளைகளோடு தகப்பனின் ஒற்றை அறை லயக் காம்பராவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஏற்கெனவே தம்பி குடும்பம் இருந்தது. இதையெல்லாம் அவரே ஒருநாள் என் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தபடி சொன்னார்.

ஆம், வாரத்தில் மூன்று நாள் வருவார். கை சரியாகும் வரை அவருக்கு வேலையில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று பாடசாலை நேரசூசி மாதிரி வந்து நிற்பார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை நான் ஏமாற்றாமல் செய்கிறேனா என்று எண்ணுவார். பாதத்தை மேலே பத்து தடவை, கீழே பத்து தடவை. ஏழுக்குப் பிறகு ஒன்பதுக்குத் தாவினால், "சேர், எட்டு" என்பார். ஊன்றுகோலோடு நான் முதல் தடவை எழுந்து நின்று தலை சுற்றிச் சரிந்தபோது, நல்ல கையால் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. முறிந்த தோள் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அன்று நான் கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதிலாகப் புத்தி சொன்னேன். "மலை ரோட்டுல எப்பவும் ஓரமா வரணும், தம்பி. அவசரப்படக் கூடாது. எதிர்ல வர்றவனுக்கும் குடும்பம் இருக்குல்ல?" என்பேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "சரிங்க சேர்" என்பார். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. நாற்பதை எட்டப்போகும் மனிதரை நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவர் என்று எழுத இப்போதுதான் கை வந்திருக்கிறது.

மூன்றாவது மாதம் நீதிமன்ற அழைப்பாணை வந்தது. கவனயீனமாக வாகனம் செலுத்தியது என்று என் பேரில் வழக்கு. அதே வாரத்தில் அதிபர் தரத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கும் கடிதம் வந்தது. நிலுவையில் வழக்குகள் உண்டா, குற்றவாளியாகக் காணப்பட்டதுண்டா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் கருணை குறையத் தொடங்கியது.

ஆசிரியர் சங்கம் ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தது. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒங்க தாய்மொழி தமிழ். வாக்குமூலம் சிங்களத்துல. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாது. இது ஒண்ணு போதும்" என்றார்.

"நான் சிங்களப் பரீட்சையில தேறினவன்."

"அத வெளிய சொல்லாதீங்க."

"அப்ப அந்த லொறிக்காரர்?"

"வாக்குமூலம் அடிபட்டா ஒங்க பேச்சு ஒரு பக்கம், அவர் பேச்சு ஒரு பக்கம். நீங்க ஆசிரியர். கேஸ் அந்தப் பக்கம் திரும்பும். அது பொலிஸ் பார்த்துக்கும்."

வீட்டுக்குத் திரும்பும்போது நான் வெறும் கால் முறிந்த மனிதனாக இருக்கவில்லை, மொழி உரிமைப் போராளியாக இருந்தேன். எங்கள் மக்கள் எத்தனை பேர் வாசிக்கத் தெரியாத தாள்களில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துக் கெட்டிருக்கிறார்கள். அது உண்மை. என் தகப்பனே அப்படி வைத்தவர்தான். அந்த அநியாயத்தை எதிர்க்கக் கடவுள் என் காலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று தோன்றியது. தமிழில் சொல்லலாம், பொறுங்கள் என்று அந்தப் பொலிஸ்காரர் சொன்னது மட்டும் இடையில் இடையில் ஞாபகம் வந்து தொந்தரவு செய்தது. மனைவியிடம் உரிமை பற்றி ஒரு சிறிய உரை நிகழ்த்தினேன். அவள் பிள்ளை மடுவத்துத் துணிகளை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ அவரு வேல போகும்" என்றாள்.

"தப்புப் பண்ணினவன் அனுபவிக்கத்தானே வேணும்? நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்? இடது பக்கமா வந்தவன் நான்."

"அத அவருகிட்ட நேர்ல சொல்லிட்டுச் செய்யுங்க. தோடம்பழம் வாங்கித் தின்னுருக்கோம்."

அது நியாயமாகப் பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்ததும், இன்றைக்குக் கொஞ்சம் தூரம் நடப்போம் என்றேன். வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு ஊன்றுகோல், மறுபக்கம் அவருடைய கை. அப்படியே ரோட்டில் இறங்கினோம். எப்படித் தொடங்குவது என்று யோசித்து யோசித்தே கால் கிலோமீற்றர் போய்விட்டது. எதிரே பார்த்தால் அந்த வளைவு.

விபத்துக்குப் பிறகு அங்கே நடந்து வருவது அதுதான் முதல் தடவை. மதகில் உட்கார்ந்தேன். வெயில் அடித்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தோட்டத்திலிருந்து இறங்கும்போது இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மண்மேடு. இடப்பக்கத்தில் ரோட்டின் பாதி உடைந்து பள்ளத்தை நோக்கி இறங்கியிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழையில் சரிந்தது. இரண்டு பீப்பாய்களை வைத்துவிட்டுப் போனார்கள். பீப்பாய்களில் புல் முளைத்துவிட்டது.

"சேர் நல்லா இங்கிட்டு வந்துட்டீங்க அன்னைக்கு" என்று லொறிக்காரர் மண்மேட்டோரத்தைக் காட்டினார். குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. "நான் கான ஒட்டித்தான் ஏறி வந்தேன். அதுக்கு மேல ஒதுங்க எடமில்ல. ஒங்கள ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஒங்க தோட்டத்துக்காரங்க எல்லாருமே எறங்கும்போது இந்த எடத்துல இந்தப் பக்கந்தானே வருவீங்க. அங்கிட்டுப் போனா பள்ளம். நாங்களும் லொறிய அப்பிடித்தான் எறக்குவோம். ஹோர்ன் அடிச்சுக்கிட்டு வருவோம், அவ்வளவுதான்."

நான் ரோட்டைப் பார்த்தேன். பீப்பாய்களைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாகத் தினமும் அந்த இடத்தில் ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பியிருக்கிறேன். திருப்புவதே தெரியாத அளவுக்குத் திருப்பியிருக்கிறேன். அது எங்களுக்கு ரோட்டின் வலப்பக்கம் இல்லை, அதுதான் ரோடு. விழுந்து கிடந்ததும் அந்தக் கானுக்குள்தான். மோதிய வேகத்தில் அங்கே தூக்கி எறியப்பட்டேன் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அன்று ஹோர்ன் அடித்ததாகத்தான் ஞாபகம். ஆனால் இடது பக்கமாக வந்ததாகவும் ஞாபகம் இருந்ததே.

வாழ்நாளில் நான் சிங்களத்தில் சொன்ன மிகச் சரியான வாக்கியம், நான் பிழையாகச் சொன்னதுதான்.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே வீட்டுல சொல்லிட்டேன் சேர். சாமானக் கட்டி வைன்னு. அவரு வாத்தியாரு, சிங்களமும் படிச்சவரு. நம்ம கத அவ்வளவுதான், நாம சொன்னா எவன் நம்புவான்னு. அவ நெசமாவே சட்டி பானைய மூட்ட கட்டிட்டா. ரெண்டு நாள் கழிச்சு ஸ்டேஷன்ல அப்பிடிச் சொல்லவும் ஓடிப்போயி மூட்டைய அவுக்கச் சொன்னேன்."

ஆகவே அவர் என்னை ஒரு தியாகி என்று நினைக்கவேயில்லை. சாமியார் நினைத்தார், தலைவர் நினைத்தார், ஊரே நினைத்தது. ஆசிரியர் ஒருவர் நிஜமாகவே பிழையான பக்கத்தில் வந்திருக்கலாம் என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. அவர் நன்றி சொன்னது என் தியாகத்துக்கு இல்லை, நான் பொய் சொல்லாததற்கு. முதல்நாளே, உள்ளதை உள்ளபடி என்று தெளிவாகத்தான் சொன்னார். தமிழில்தான் சொன்னார். நான் நடத்திய போக்குவரத்துப் பாடங்களை மூன்று மாதம் அவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது எனக்கு முகமெல்லாம் சூடானது. வெட்கத்தில் என்னால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. கால் வலி என்று நினைத்து அவர் குனிந்து என் முழங்காலைத் தேய்த்துவிட்டார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரும்பி வந்து வக்கீலுக்கு மட்டும் போன் போட்டு, வாக்குமூலத்தை எதிர்க்க வேண்டாம் என்றேன். அவர் வருத்தப்பட்டார். "நல்ல கேஸ் சேர்" என்றார்.

நீதிமன்றத்துக்கு லொறிக்காரரும் வந்தார். கை சரியாகி அந்த வாரம்தான் வேலைக்குப் போகத் தொடங்கியவர், எனக்காக ஒருநாள் லீவு போட்டிருந்தார். படியேறக் கை கொடுத்தார். என் முறை வந்தபோது மொழிபெயர்ப்பாளர் தமிழில் குற்றச்சாட்டை வாசித்தார். எந்தப் பக்கமாக வந்தேன் என்று கேட்டார்கள். "வலது பக்கமாக" என்று தமிழில் சொன்னேன். கையாலும் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் அதை "தகுணு பெத்தென்" என்று நீதவானுக்குச் சொன்னார். ஏழு நிமிடத்தில் முடிந்தது. அபராதமும் எச்சரிக்கையும். அதிபர் படிவத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே ஆம் என்று எழுதலாம்.

வெளியே வந்து எதிரேயிருந்த முஸ்லிம் ஹோட்டலில் பிளேன்டீ குடிக்க உட்கார்ந்தோம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரெண்டாவது தடவையும் உண்மையவே சொல்லிட்டீங்க சேர்" என்றார். "எம் மூத்தவன்ட்ட சொல்லியிருக்கேன், படிச்சா அந்த சேர் மாதிரி படிக்கணும்டான்னு."

தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஆனால் அந்தப் பிள்ளையின் பேச்சு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். வம என்றால் வலது என்று நினைத்தது, வார்ட்டில் சொல்ல வந்தது என்ன, எழுதப்பட்டது என்ன, வக்கீலிடம் போனது, அந்த வெள்ளிக்கிழமை எதைச் சொல்ல அவரை ரோட்டுக்குக் கூட்டிப்போனேன் என்பது, எல்லாம்.

அவர் முதலில் சிரித்தார், நான் பகிடி விடுகிறேன் என்று. பிறகு கிளாஸை மேசையில் வைத்தார். உள்ளங்கையால் மேசையில் ஒரு தடவை இடது பக்கம் தடவினார், ஒரு தடவை வலது பக்கம்.

"அப்போ சேருக்குச் சிங்களம் சரியாத் தெரிஞ்சிருந்தா," என்று தொடங்கினார். கிளாஸை மேசையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். "நாங்க இந்நேரம் லயத்துல இருந்துருப்போம் இல்லங்களா?"

"ஆமா" என்றேன்.

அவர் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோபப்படவில்லை. பஸ் வந்ததும் எப்போதும் போல என் முழங்கைக்கடியில் கை கொடுத்து ஏற்றிவிட்டார், சீட்டுப் பார்த்து உட்கார வைத்தார், ஊன்றுகோலைக் காலடியில் வைத்தார். அவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. புதனும் வரவில்லை. அவருக்கு வேலை தொடங்கிவிட்டது, எனக்கும் நடக்க வந்துவிட்டது, இனி எதற்கு வர வேண்டும் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பாதத்தை மேலே, கீழே அசைக்கும்போது ஏழுக்குப் பிறகு நானே நிறுத்தி, எட்டு என்று சத்தமாகச் சொல்கிறேன்.